சட்டாம்பிள்ளை லண்டன் போன கதை

கீழக்குயில்குடி மலையில் ஆசிரியர் பயிற்சி தொடங்கி ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங்கீகாரக் கடிதம் இல்லை, அட்மிஷன் நோட்டீஸ் இல்லை, டொனேஷனும் இல்லை. ஆனால் வாத்தியார் பெயர், அவருடைய மாணாக்கர் பெயர், அந்த மாணாக்கருக்கு மாணாக்கர் பெயர் என்று பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு எந்த பி.எட். கல்லூரி தன் பழைய மாணவர் பட்டியலை இத்தனை காலம் தொலைக்காமல் வைத்திருக்கும்?

நம்பாதவர்கள் தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். படியேறினால் ஒரு பக்கம் செட்டிப்புடவு. குகை முகப்பில் பெரிய மகாவீரர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். நீண்டு தொங்கும் காதையும் அசையாத இருப்பையும் பார்த்த ஊர்க்காரர்கள் இவர் யாரோ செட்டியார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உடுத்தின துணி உட்பட உலகத்தையே துறந்த மனிதரைக் கல்லாவில் உட்கார வைத்த பெருமை உலகத்திலேயே நமக்குத்தான் உண்டு.

இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளம். அங்கே எட்டுத் திருமேனிகள் வரிசையாக, காலை அசெம்பிளியில் நிற்கிற ஒழுங்கோடு இருக்கின்றன. கீழே வட்டெழுத்து, ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டு. ஏதோ பெரிய தத்துவம் எழுதியிருக்கிறது என்று நினைத்துக் கும்பிடுகிறவர்கள் உண்டு. தத்துவமெல்லாம் ஒன்றும் இல்லை. இந்தப் பள்ளியை உடைய குணசேனதேவரின் சட்டன் இன்னார் செய்வித்த திருமேனி இது, அவ்வளவுதான் செய்தி. சட்டன் என்றால் மாணாக்கன். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குறண்டியில் திருக்கட்டாம்பள்ளி என்று ஒரு பெரிய சமண மடம் இருந்தது. அங்கிருந்து வந்த குருமார்களின் பெயர்களும் இந்த மலையில் உண்டு. அது மெயின் கேம்பஸ், இது எக்ஸ்டென்ஷன் சென்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரை மலைகளில் கண்ட பாறையிலெல்லாம் பெயரைப் பொறித்துவிட்டுப் போன அச்சணந்தி என்ற முனிவரின் தாயார் குணமதியாரும் இங்கே ஒரு திருமேனி செய்வித்திருக்கிறார். பிள்ளை துறவியாகிவிட்டாலும் அம்மா பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை கொடுப்பதை நிறுத்தவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் முதல் தலைவி யார் என்று எதிர்காலத்தில் வினாத்தாளில் கேட்டால் குணமதியார் என்று எழுதலாம். மார்க் வராது, ஆனாலும் எழுதலாம்.

மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகப் புராணம். அது நடந்ததாகச் சொல்கிற காலம் ஏழாம் நூற்றாண்டு. அதற்கு இருநூறு, முந்நூறு வருஷம் கழித்தும் குணசேனதேவர் இங்கே சாவகாசமாகப் பள்ளி நடத்திக்கொண்டிருக்கிறார். ஒன்று, புராணக்காரருக்குக் கணக்கு வீக். இல்லையென்றால் சமணர்களுக்கு அட்மிஷன் அவ்வளவு அமோகம்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். சிலைக்குச் செலவு சட்டன் தலையில், பெருமை குருவுக்கு. இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் இந்த மலையில் இரண்டு பேர் பெயரும் ஒரே கல்லில், ஒரே வரியில் இருக்கிறது. பின்னால் வந்த கல்வி நிபுணர்கள் யாருக்கும் இந்தப் பெருந்தன்மை வாய்க்கவில்லை.

காலம் போகிறது. சமணர்கள் போனார்கள், திண்ணை வந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பற்றிப் பெரியவர்கள் உருகி உருகி எழுதியிருக்கிறார்கள். உண்மையில் பள்ளிக்கூடத்தை நடத்தியது வாத்தியார் இல்லை, சட்டாம்பிள்ளை. இருக்கிற பையன்களில் கொஞ்சம் படிப்பும் நிறையத் தொண்டையும் உள்ளவன் அந்தப் பதவிக்கு வருவான். அவன் உரக்க முறை சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். சின்னப் பயலின் விரலைப் பிடித்து மணலில் தேய்த்து அகரம் எழுத வைப்பதும் அவன்தான். எண்சுவடி ஒப்பிக்கிறபோது தப்பைப் பிடிப்பான். பள்ளிக்கு மட்டம் போட்டு வைக்கோற்போரில் ஒளிந்தவனை நாலு தடியன்களோடு போய்க் கைகாலைப் பிடித்துத் தூக்கி வருவான். தூக்கி வராமல் இருப்பதற்கு முறுக்கோ கடலையோ வாங்கிக்கொள்வான் என்பது பெற்றோருக்குத் தெரியாத வருமானம்.

வாத்தியார் என்ன செய்தார்? மேற்பார்வை. கண்ணை மூடிக்கொண்டும் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். அமாவாசை, பௌர்ணமிக்கு வாவு என்று லீவு விடுவது, வாவுக்காசு வசூலிப்பது, பெரிய குற்றவாளிகளுக்குக் கோதண்டம் போடுவது ஆகிய நிர்வாகப் பொறுப்புகள் மட்டும் அவருடைய கையில். கோதண்டம் என்றால் ராமர் கையில் இருப்பது இல்லை. உத்தரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பையன் அந்தரத்தில் தொங்க, கீழே பிரம்பு காத்திருக்கும்.

இதையெல்லாம் நான் கற்பனை செய்கிறேன் என்று திண்ணைப் பக்தர்கள் கோபித்துக்கொள்ளலாம். சாட்சிக்கு ஒரு வெள்ளைக்காரக் கலெக்டரைக் கூப்பிடுகிறேன். 1822-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். எடுத்து முடித்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்கு 15 பேர். இன்றைக்கு 15 பேர் இருக்கிற பள்ளியை மூடலாமா, பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கலாமா என்று ஃபைல் கிளம்பிவிடும்.

அந்தக் கணக்கெடுப்புக்குப் பதில் எழுதிய பல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பெல் மற்றவர்களைவிடக் கொஞ்சம் ரசிகர். 1823-ல் அவர் எழுதிய அறிக்கையில் காலை ஆறு மணிப் பள்ளிக்கூடம் அப்படியே இருக்கிறது. முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள், அது கௌரவம். இரண்டாவது வருகிறவனுக்குப் பூஜ்யம். புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு லேசாக ஒரு அடி. நாலாவது ஆளுக்கு இரண்டு. அப்புறம் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று கூடும். பதினைந்தாவதாக வந்தவன் கையை நினைத்துப் பாருங்கள்: பதின்மூன்று அடி. கூட்டல் கணக்கைப் பையன்கள் தோலிலேயே கற்றுக்கொண்டார்கள். சோம்பேறிகளைக் கூரையிலிருந்து தொங்கவிடுவதையும், ஓயாமல் மண்டியிட்டு எழ வைப்பதையும் கேம்பெல் குறித்திருக்கிறார். நம்ம கோதண்டம், தோப்புக்கரணம்.

அதே கலெக்டர் இன்னொன்றும் எழுதினார். கொஞ்சம் படித்த பிள்ளை குறைவாகப் படித்த பிள்ளைக்குச் சொல்லித் தருகிற ஏற்பாடு மிக அருமை. இங்கிலாந்து இதைக் காப்பியடித்ததில் தப்பே இல்லை என்று. கலெக்டரே காப்பி என்று ஒப்புக்கொண்ட பிறகு நாம் ஏன் தயங்க வேண்டும்?

காப்பியடித்தவர் பெயர் ஆண்ட்ரூ பெல். 1753-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் போய் வர்ஜீனியாவில் டியூஷன் எடுத்தார். அதில் திருப்திப்படாமல் 1787-ல் மதராஸில் வந்து இறங்கினார். பாதிரியார் வேலை. ஒரே சமயத்தில் பல பட்டாளங்களுக்குப் பாதிரியாராக இருந்து அத்தனை இடத்திலும் சம்பளம் வாங்கிய திறமைசாலி. பல பட்டாளத்துப் பாவங்களை ஒரே ஆள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எப்படி மன்னித்தார் என்பது அவருக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரிந்த கால அட்டவணை.

1789-ல் எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அனாதை விடுதிப் பள்ளியின் மேற்பார்வை அவருக்கு வந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பெற்றுப்போட்டுவிட்டுப் போன பிள்ளைகள் படித்த இடம் அது. இந்த வேலைக்கு மட்டும் சம்பளம் வேண்டாம் என்றார் பெல். மற்ற இடங்களில் வருகிறபோது சொல்லக்கூடிய வார்த்தைதான்.

அங்கே இருந்த உதவி ஆசிரியர்களுக்குச் சம்பளமும் குறைவு, அக்கறையும் அதே அளவு. ஒருநாள் காலை பெல் குதிரையில் போகிறபோது ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தன. பலகை வேண்டாம், காகிதம் வேண்டாம், மை வேண்டாம். அழிக்கத் தட்டினால் போதும். ஸ்காட்லாந்துக்காரருக்குச் செலவில்லாத கல்வியைப் பார்த்ததும் கண் கலங்கியிருக்கும். திரும்பி வந்து, சின்ன வகுப்புக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடு என்று உதவி ஆசிரியரிடம் சொன்னார். அவர் அதெல்லாம் சரிப்படாது என்று சொல்லிவிட்டார். அனுபவமுள்ள ஆசிரியர் புதுத் திட்டத்துக்குச் சொல்கிற பதில் அன்றிலிருந்து மாறவே இல்லை.

பெல் சண்டை போடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்று எட்டு வயசுப் பையன். சாதாரணச் சிப்பாயின் மகன். அவனைக் கூப்பிட்டு, நீ நடத்துடா என்றார். அவன் நடத்திவிட்டான். அடுத்து இன்னொரு வகுப்பு, இன்னொரு பையன். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் முழுக்கப் பிள்ளைகளே பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள். சட்டாம்பிள்ளைக்குக் கால்சட்டை மாட்டியாயிற்று.

இந்தப் பள்ளியின் பயிற்சி ஆசிரியர்கள் எந்த அளவுக்குத் துணிந்தவர்கள் என்பதற்கு ஒரு கதை போதும். 1794-ல் பிரிட்டிஷாரிடம் பிணைக் கைதிகளாக இருந்த திப்பு சுல்தானின் இரண்டு மகன்களை கேப்டன் டவ்டன் திரும்பக் கொண்டுபோய் விட்டார். கூடப் போன குழுவில் பெல்லின் மாணவன் வில்லியம் ஸ்மித். மீசை அரும்புகிற வயசு. அவன் சோதனைக் கருவிகளையெல்லாம் கொண்டுபோய்த் திப்பு முன்னாலேயே இயற்பியல் செய்து காட்டினான். பிரிட்டிஷாரை அலறவிட்ட மைசூர்ப் புலி, பதின்ம வயசுப் பையனின் செய்முறை வகுப்பில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. நம்ம பயிற்சி மாணவர்கள் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்குள் நுழைய நடுங்குகிறார்கள். திப்புவே பரவாயில்லை என்று அவர்கள் சொல்லக்கூடும். அதிலும் நியாயம் உண்டு.

1796-ல் பெல் நல்ல சொத்தோடு ஊருக்குக் கிளம்பினார். அடுத்த வருஷமே லண்டனில் மதராஸ் பரிசோதனை பற்றி ஒரு புத்தகம். மணலை நாட்டுப் பள்ளியில் பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டார். பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தியது மட்டும் தன் சொந்த மூளை என்றார். குதிரை மேலிருந்து மணல் தெரிந்தது. மணலுக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்ற சட்டாம்பிள்ளை தெரியவில்லை. பார்வைக் கோளாறுக்கு அந்தக் காலத்தில் நல்ல வைத்தியம் கிடையாது.

இதற்குள் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்ற குவேக்கர் இளைஞர் தன் கடையையும் திறந்துவிட்டார். ஒரு வாத்தியார், ஆயிரம் பிள்ளைகள், நடுவில் சட்டாம்பிள்ளைப் பட்டாளம். இத்தனை பேரை எப்படி அடக்குகிறாய் என்று மன்னர் மூன்றாம் ஜார்ஜ் கேட்டாராம். உங்கள் ராணுவத்தை அடக்குவதைப் போலத்தான், ஒரு சொல்லில், என்றாராம் இவர். லங்காஸ்டருக்குப் பிரம்படி பிடிக்காது. கருணை உள்ளவர். ஆகவே தப்பு செய்த பையனைக் கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். நம்ம கோதண்டத்துக்கும் அவர் கூடைக்கும் ஒரு வித்தியாசம்தான்: இங்கே தொங்குகிறவன் கயிற்றை அவனே பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் இரண்டு பேரும் சந்தித்து மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். அப்புறம், முதலில் கண்டுபிடித்தது யார் என்று அடிதடி. திருச்சபைக்காரர்கள் பெல் பின்னால் நின்று 1811-ல் நேஷனல் சொசைட்டி தொடங்கினார்கள். மற்றவர்கள் லங்காஸ்டர் பின்னால். நாடு முழுக்க இரண்டு கட்சி, இரண்டு பள்ளிக்கூடம், ஏகப்பட்ட துண்டுப் பிரசுரம். தஞ்சாவூரிலோ மதுரையிலோ திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்த ஏதாவது வாத்தியாரை எழுப்பிக் கேட்டிருந்தால், இதில் கண்டுபிடிக்க என்னப்பா இருக்கிறது என்று திரும்பிப் படுத்திருப்பார்.

லங்காஸ்டர் கடனில் மூழ்கி அமெரிக்காவுக்குப் போனார். 1838-ல் நியூயார்க் தெருவில் வண்டியில் அடிபட்டுச் செத்தார். பெல் 1832-ல் படுக்கையில் காலமாகி வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், ராஜாக்களுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். அவர் விட்டுப்போன பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் மெட்ராஸ் காலேஜ் என்று ஒரு பள்ளி எழுந்தது. நாம் 1996-ல் மெட்ராஸை சென்னை ஆக்கிவிட்டோம். ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்னும் மெட்ராஸிலேயே படிக்கிறார்கள். ஜான் ஃப்ரிஸ்கனுக்கு அபேயில் இடம் இல்லை. பேச்சிப்பள்ளத்தில் உளி பிடித்தவர்கள் யாராவது அந்தக் கல்லை வெட்டியிருந்தால், பெல்தேவரின் சட்டன் ஃப்ரிஸ்கன் என்று சேர்த்துப் போட்டிருப்பார்கள்.

பிள்ளைக்குப் பிள்ளையே வாத்தியார் என்பது மலிவாக இருந்தாலும், எட்டு வயசுக்குத் தெரிந்ததுதானே ஏழு வயசுக்குப் போகும் என்று இங்கிலாந்துக்கு மெல்ல உறைத்தது. 1846-ல் கே-ஷட்டில்வொர்த் என்ற கல்வி அதிகாரி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பதின்மூன்று வயசில் ஒரு பையனையோ பெண்ணையோ எடுத்து ஐந்து வருஷம் ஒரு வாத்தியாரிடம் கட்டிப்போடு. பகலில் வகுப்பு எடுக்கட்டும், அதற்கு வெளியே அவரிடம் படிக்கட்டும். அரசாங்கம் ஏதோ கொடுக்கும். பயிற்சி ஆசிரியர் என்கிற ஜீவன் முறைப்படி பிறந்தது அப்போதுதான். வகுப்பில் பாதி வாத்தியார், வாத்தியாருக்கு முன் பாதி மாணவன், வீட்டில் முழுச் சோம்பேறி என்று அம்மா திட்டுகிற அந்தப் பிறவி.

பத்தே வருஷத்தில், 1856-ல், மதராஸ் அரசாங்கம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. பின்னாளில் சைதாப்பேட்டையில் போய் நின்ற அதே நிறுவனம். நம்மூர்ப் பருத்தி மான்செஸ்டருக்குப் போய் மல்லாகத் திரும்பி வந்து நம்மிடமே விலைக்கு விற்றதைப் போல, நம்ம சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய், சர்டிபிகேட்டும் சிலபஸும் கட்டணமுமாகத் திரும்பி வந்தான். திண்ணையில் முறுக்கு வாங்கிக்கொண்டு செய்த வேலையை இனி நாம் ஃபீஸ் கட்டிக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். 2015-லிருந்து பி.எட். இரண்டு வருஷம், அதில் இரண்டாம் வருஷம் பதினாறு வாரம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. அந்தப் பருவத்தில் நாகமலை, கீழக்குயில்குடிப் பக்கம் டவுன் பஸ்ஸில் ஏறினால் சுருட்டிய சார்ட் அட்டைகளால் குத்து வாங்காமல் இறங்க முடியாது. ஒரே சேலை யூனிஃபார்ம், ஒரே பாடத்திட்ட நோட்டு, ஒரே கவலை.

அமெரிக்காவில் மர்லின் ஃப்ரெண்ட், லின் குக் என்ற இரண்டு பேர் ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து கற்பிக்க ஆறு வழி சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் நடத்த ஒருவர் கவனிப்பது, ஒருவர் நடத்த ஒருவர் உதவுவது, பிள்ளைகளைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வது, இரண்டு பேரும் சேர்ந்து மேடைக் கச்சேரியாக நடத்துவது என்று போகும். படிக்கிறபோது புல்லரிக்கும். நம்மூரில் ஏழாவது வழி ஒன்று தானாகவே வளர்ந்திருக்கிறது: ஒருவர் நடத்த, ஒருவர் பேங்குக்குப் போவது. வழிகாட்டி ஆசிரியர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. வருஷம் முழுக்க எமிஸ் பதிவு, விலையில்லா சைக்கிள் கணக்கு, வாக்காளர் பட்டியல் என்று அலைகிறவருக்கு இளரத்தம் ஒன்று வந்து நின்றால், ஒரு டீ குடிக்கக்கூட வெளியே போகக் கூடாதா?

பரிதாபம் என்றால் விமர்சன வகுப்புதான். முன்னால் ஒரு பயிற்சி மாணவி பாடம் எடுப்பாள். கடைசி பெஞ்சில் அவளோடு படிக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்து குறை எழுதுவார்கள். ஃப்ளாண்டர்ஸ் என்பவர் வகுத்த பத்து வகைப் பட்டியல் ஒன்று உண்டு: ஆசிரியர் கேள்வி கேட்டால் ஒரு எண், பாராட்டினால் ஒரு எண், அமைதி அல்லது குழப்பம் என்றால் 10. மூன்று விநாடிக்கு ஒருமுறை எண் போட வேண்டும். 45 நிமிஷப் பீரியடுக்கு 900 எண். போடுகிறவர் நிமிர்ந்து வகுப்பைப் பார்க்க நேரம் கிடைக்காது. ஆகவே பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பார்த்து எழுதுவார். அவரும் அப்படியே. கடைசியில் அத்தனை பேர் நோட்டிலும் ஒரே முடிவு வந்திருப்பதைப் பார்த்து பேராசிரியர், கருவி நம்பகமானது என்று கையெழுத்துப் போடுவார்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியும். அவர்கள் பரம்பரை பரம்பரையாகப் பயிற்சி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர்கள். "மிஸ், போன வருஷ ட்ரெயினிங் மிஸ்ஸும் இதே பூ சார்ட்தான் கொண்டுவந்தாங்க. அவங்க சூலகம்னு எழுதின இடத்துல நீங்க மகரந்தம்னு எழுதியிருக்கீங்க" என்று ஆறாம் வகுப்பு எழுந்து நிற்கும். வழிகாட்டி ஆசிரியர் வெளியே போயிருக்கிற நேரத்தில் வகுப்பை அடக்கத் தெரியாமல் தவிக்கிறவளுக்கு வகுப்புத் தலைவனே உதவிக்கு வருவான்: "மிஸ், நீங்க பேர் எழுதச் சொல்லுங்க மிஸ், நான் எழுதறேன்." சுண்ணக்கட்டியை வாங்கிப் பலகையில் பேசியவர் பட்டியல் தொடங்குவான். ஒரு தேன்மிட்டாய்க்கு ஒரு பெயர் அழியும் என்பது மிஸ்ஸுக்குத் தெரியாது.

பதினாறு வாரம் முடிகிற அன்று பெண்பிள்ளைகள் அழும்; பையன்கள் பத்து ரூபாய்ப் பேனாவை கிஃப்ட் பேப்பரில் சுற்றிக் கொடுப்பார்கள். அப்படி ஒரு பள்ளியில், அந்த அழுகைக்கு நடுவே வழிகாட்டி டீச்சர் பயிற்சி மாணவியின் கையைப் பிடித்துக்கொண்டு தழுதழுத்தாராம்.

"ரொம்ப நல்லா நடத்துனம்மா. நான் நடத்துனாக்கூட இப்படிப் புரிஞ்சிருக்காது."

"அய்யோ, எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் டீச்சர்."

"எந்தப் பாடம் வரைக்கும் ஓடியிருக்கு?"

"அஞ்சு முடிச்சிட்டேன் டீச்சர். ஆறாவதுல பாதி."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில் குறித்துக்கொண்டார். "உங்க காலேஜ்ல ஜூனியர் பேட்ச் எப்பம்மா வருது?"